நின்ற வண்டிக்கு உரிய விளக்கு

அவர் மழையைத் திட்டி நான் கேட்டதில்லை. மழையில் தப்பாக விளக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைத்தான் திட்டுவார். அதுவும் கண்ணாடியை இறக்கி, சாரல் உள்ளே அடிக்க, எதிரே போகிறவனுக்கு ஒரு சொல்லும் கேட்காது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே திட்டுவார். முதலில் தமிழில். அது போதாமல் போனால் பர்மிய மொழியில். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பர்மிய வசவு வரும்போது மட்டும் சிரிப்பார்கள். தமிழ் வசவு அதைவிட மோசம் என்பது அந்த வண்டியில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

யாங்கோனில் ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வண்டிக்கு ஃபெரி என்று பெயர். ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. க்யிம்யிண்டைங்கிலிருந்து (எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் கெமண்டைன்தான்) வடக்கே ஷ்வேப்யிதாவில் இருந்த தையல் தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிப்போன ஃபெரிக்கு அவர் டிரைவர். நான் அங்கே துணி ஸ்டோரில் இருந்தேன். தையல், மடிப்பு, பரிசோதனை என்று இருபது பெண்கள் போல ஏறுவோம். அவர்கள் அவரை ஊலே என்பார்கள். பர்மிய மொழியில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் பெயர் தெரியாத பெரியவருக்கும் அந்த ஒரு சொல்தான். நான் மாமா என்பேன். இருவரும் தமிழர் என்பதைத் தவிர உறவு ஒன்றும் இல்லை.

இந்த மனிதருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியும். அவர் மனைவிக்குத் தெரியும். கொஞ்ச நாளில் வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தெரிந்துகொண்டேதான் தினமும் ஏறினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் எதையோ ஒளித்து வைத்துக் கதை சொன்ன மாதிரி ஆகும்.

நான் முன்சீட்டுக்கு வந்தது மரியாதையால் அல்ல, வாந்தியால். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், பின்சீட்டில் பக்கத்தில் இருந்தவளின் சாப்பாட்டுக் கேரியர் மேல் என் காலைச் சாப்பாட்டையும் சேர்த்துவிட்டேன். அவர் வண்டியை ஓரம் கட்டி, ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, “இங்க முன்னாடி வாம்மா. ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்தா வயிறு பெரட்டாது” என்றார். அன்றிலிருந்து அது என் இடமாயிற்று.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டி ஜப்பானிலிருந்து வந்த பழைய சிறு பஸ். அங்கே ஏதோ பாலர் பள்ளிக்கு ஓடியது போலிருக்கிறது. பக்கவாட்டில் ஒரு முயல் படமும் நாலைந்து ஜப்பானிய எழுத்துகளும் அழியாமல் இருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று புதிதாக ஏறுகிறவள் கேட்டால், “லைட்டை எறக்குடான்னு எழுதியிருக்கு” என்பார். ஜப்பானில் சாலையின் இடப்பக்கம் போகிறார்கள், அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம். எங்கள் நாட்டில் போவது வலப்பக்கம், ஆனால் ஓடுவது பெரும்பாலும் ஜப்பான் வண்டி. ஆகவே டிரைவர் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்சீட்டுக்காரர் நடுரோட்டில், எதிர்வண்டிகளின் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருப்பார். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால், எதிரே ஏதாவது வருகிறதா என்பது டிரைவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இது சாதாரணம். டாக்ஸியில் ஏறுகிற முன்பின் தெரியாதவரைக்கூடக் கேட்பார்கள்.

“வருதா?”

“வருது மாமா.”

“இப்ப?”

“இப்பப் போகலாம்.”

இரண்டு வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

ஜப்பான் வண்டியில் இன்னொரு கோளாறும் உண்டு. அதைக் கண்டுபிடித்தது அவர் அல்ல. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். அதற்காகத் தூக்கம் கெட்டவர் மட்டும் அவர் ஒருவர்தான். அந்த வண்டிகளின் முன்விளக்கு, தாழ்த்திப் போட்டாலும், இடது ஓரத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். அவர்கள் ஊரில் இடது ஓரம் என்பது நடைபாதை. யாராவது நடக்கிறார்களா என்று தெரிவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இங்கே இடது பக்கம் எதிர்வண்டி. நல்லதுக்குச் செய்தது வந்த இடத்தில் எதிராளியின் கண்ணைக் குத்துகிறது. மழையில் இன்னும் மோசம். விளக்கிலிருந்து வருவது போதாதென்று, ஈரத் தார்ரோடும் தன் பங்குக்குத் திருப்பி அடிக்கும்.

அவர் இதற்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார். வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, வெளிச்சம் எந்த இடத்தில் மேலே ஏறுகிறது என்று பார்த்து, விளக்குக் கண்ணாடியில் அந்த இடத்தை மட்டும் மறைத்து ஒரு துண்டு. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது போல இருக்கும். மழையில் அது பிய்ந்துபோகும். மறுபடி துடைத்து, மறுபடி ஒட்டுவார். டேப் சுருள் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

ஒருமுறை ஸ்டோருக்கு நூல் வாங்க லான்மடா கடைத்தெருவுக்கு என்னைக் கூட்டிப்போனார். கடை வாசலில் தூறலில் ஒரு கார் விளக்கை எரியவிட்டு நின்றுகொண்டிருந்தது. நான் நூல் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, இவர் அந்தக் காருக்கு முன்னால் குந்தியிருந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். யாருடைய கார் என்றே தெரியாது. கார்க்காரன் வந்துவிட்டான். நல்ல சட்டை போட்ட வாலிபன்.

“ஊலே, என் வண்டியில என்ன பண்றீங்க?”

“உனக்காக இல்லப்பா. உனக்கு எதிர்ல வர்றவனுக்காக.”

வாலிபன் டேப்பை உரித்தான், அதை இவர் சட்டைப் பைக்கு மேலே பதக்கம் போல ஒட்டினான், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது ஹைபீம் போட்டுவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் அந்த டேப்பைச் சட்டையிலிருந்து எடுக்காமலே தொழிற்சாலை வரை ஓட்டிவந்தார். “நல்ல டேப்பு. வீணாக்கிட்டான்” என்று மட்டும் சொன்னார்.

தன்னுடைய வெளிச்சம் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. அவருடைய மதம் அதுதான் என்று சொல்லலாம். கோயிலுக்குத் திருவிழா அன்று வருவார், மனைவிக்காகப் புத்தர் கோயிலுக்கும் போவார். இரண்டு இடத்திலும் வெளியே நின்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வீடு எங்கள் சந்தின் கடைசியில், படகுத்துறைப் பக்கம். மின்சாரம் போயிருந்த ஒரு மாலை, கோயில் சுண்டல் கொடுக்கப் போனேன். டார்ச்சோடு வந்தவர் அதைத் தன் கால் பெருவிரலில் அடித்துக்கொண்டு நின்றார். இருவர் முகமும் இருட்டில் இருக்க, அவருடைய பெருவிரல் மட்டும் பிரகாசமாக இருந்தது. முகம் தெரியாமல் எப்படிப் பேசுவது என்று கேட்டேன். “அதான் குரல் தெரியுதே” என்றார்.

அவருக்கு மிகவும் ஆகாதது டபுள் சிக்னல். வண்டியின் நான்கு மூலையிலும் இருக்கும் மஞ்சள் விளக்குகள் ஒன்றாகக் கண் சிமிட்டுவதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மழை கொஞ்சம் வலுத்தால் போதும், ஊரே அதைப் போட்டுக்கொண்டு ஓடும். கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கும். போடுகிறவர்களைக் கேட்டால் பாதுகாப்புக்கு என்பார்கள்.

“அட, நின்ன வண்டிக்குத்தான்டா அந்த லைட்டு! நான் நின்னுட்டேன், என்னைச் சுத்திப் போங்கன்னு சொல்றதுக்கு. ஓடிக்கிட்டே நின்னுட்டேன் நின்னுட்டேன்னா எவன் நம்புவான்? நாலும் சேர்ந்து மின்னுனா, நீ வலப்பக்கம் திரும்புறியா எடப்பக்கம் திரும்புறியான்னு ஒன்னப் பெத்தவளுக்காச்சும் தெரியுமா?”

இது கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொல்வது. கண்ணாடியை ஏற்றிய பிறகு என்னிடம், “நாஞ் சொல்றது சரிதானே?” என்பார். சரிதான் என்பேன். சரியாகத்தான் இருந்தது.

பகலிலேயே மேகம் கறுத்தால் இவர் முன்விளக்கைத் தாழ்த்திப் போட்டுவிடுவார். எதிரே வருகிறவர்கள் விளக்கு எரிகிறது, அணைக்க மறந்துவிட்டாய் என்று கை விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். இவரும் விடாமல் அதே மாதிரி கை காட்டுவார், உன்னுடையது எங்கே என்று. மார்கழிப் பனியில் ஆற்றோரம் போகும்போது ஹைபீம் போட்டு வருகிறவனைக் கண்டால், “வெள்ளைச் சொவத்துல டார்ச் அடிச்சுப் பார்க்குறான், அந்தப் பக்கம் என்னன்னு” என்பார். சோதனைச் சாவடிக்கு மட்டும் பாராட்டு உண்டு. சாவடியை நெருங்கும்போது முன்விளக்கை அணைத்து, வண்டிக்குள் விளக்கைப் போட வேண்டும் என்பது இப்போதைய வழக்கம். முன்னால் போகிற எல்லா வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக உள்விளக்கைப் போடும். தனாக்கா மரச்சாந்து பூசிய தூங்குமூஞ்சிகள் எல்லாம் ஜன்னல் ஜன்னலாகத் தெரியும். “இந்த ஊர்ல எல்லாரும் ஒழுங்காப் போடுற லைட்டு இது ஒண்ணுதான்” என்று மெல்லச் சொல்லுவார், மெல்லத்தான்.

இரண்டாவது மழைக்காலத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மாலை, திரும்பி வரும்போது, “ஹைபீம் போட்டு வர்றான் பாரு பாவி” என்று திட்டினார். எதிரே வந்த வண்டி விளக்கைத் தாழ்த்தித்தான் போட்டிருந்தது. கொஞ்சம் மங்கல்கூட. அடுத்த வண்டியையும் திட்டினார். அதுவும் ஒழுங்காகத்தான் வந்தது. விளக்கு விஷயத்தில் அவர் யார்மேலும் வீண்பழி போட்டு நான் பார்த்ததில்லை. அப்படியானால் கோளாறு எதிர்வண்டியில் இல்லை. நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, ஸ்டியரிங்கின் மேல் ஏறக்குறைய தாடையை வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பார்த்தால் எல்லாம் தெரிந்தது. “வருதா?” என்று தாண்டுவதற்கு மட்டும் கேட்டவர், இப்போது தாண்டாதபோதும் கேட்டார். “அது என்ன, லாரியா?” என்றார். சிக்னல் விளக்கு பச்சைக்கு மாறியது பின்னால் ஹாரன் அடித்தால்தான் தெரிந்தது. அப்போதும் அந்த டேப்பை அவர் எடுக்கவில்லை. அதை எடுத்திருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்திருக்கும். எடுக்கவில்லை, மழையில் பிய்ந்த இடத்தில் புதிதாக ஒட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததும், அவரைப் பிடித்துப்போனதும் ஒரே நாளில்தான்.

அவர் மனைவி பர்மியப் பெண். கொஞ்சம் தமிழ் பேசுவாள். மார்க்கெட்டில் கீரைக்கடை முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ முன்சீட்டு தானே?”

“ஆமா அத்தை. எனக்கு வாந்தி வரும், அதான்.”

“வாந்தி வராது போனாலும் நீ அங்கதான் உக்காரு” என்றாள். என் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர்களுடைய மொழியில் அனாடே என்று ஒரு சொல் இருக்கிறது. இன்னொருவர் மனம் கூசுமே என்று, சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லாமல் விழுங்கிக்கொள்வது. நாங்கள் வந்து சில தலைமுறைகளில் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. நல்ல குணம்தான். ஓடுகிற வண்டிக்குள் அதைக் கடைப்பிடித்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

டிரைவருக்கு நேர் பின்னால் மா ஏயே உட்காருவாள். பரிசோதனைப் பிரிவில் சூப்பர்வைசர். தையல் மெஷின்கள் அத்தனையும் ஓடும்போதும் அவள் பேசுவது கேட்கும். அவளுக்கும் தெரியும் என்று எனக்கு எப்போது தெரிந்தது என்றால், ஒரு சாயங்காலம் அவள் யாரிடமோ பேசுவது போல, “ஐயோ பாவம், அந்தச் சைக்காக்காரர் எப்படி நனையிறார் பாரு” என்றாள். சைக்கா என்பது பக்கத்தில் ஆள் உட்கார இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா. விளக்கு இருக்காது. நான் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் வலது ஓரத்தில் அந்தச் சைக்கா போனதைக் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் வண்டி விலகியது.

பிறகு அது பழக்கமாயிற்று. சிவப்பு விளக்கு வந்தால், “இந்த சிக்னல்ல எப்பவும் நிக்க வேண்டியதாப் போச்சு” என்று அலுத்துக்கொள்வாள். பள்ளம் வரும்போது, போன வாரம் இதே இடத்தில் தலை கூரையில் இடித்த கதையை ஆரம்பிப்பாள். பாலம் வந்தால் இன்னொருத்தி பாலத்தடியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வியப்பாள். அவர்கள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். நாங்கள் யாரும் கூடிப் பேசி இதைத் தீர்மானிக்கவில்லை. எங்களுக்குள்கூட ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று யாரும் கேட்கக்கூட இல்லை, பூனையே இல்லாதது போல எல்லோரும் பேசிக்கொண்டு வந்தோம். ஆபீசில் சொன்னால் மறுநாளே வேறு டிரைவர் வந்துவிடுவான். சொல்லாவிட்டால் எந்த மழையில் என்ன ஆகும் என்று தெரியாது. நான் சில நாள் வண்டியில் ஏறும்போது முருகனைக் கூப்பிட்டுவிட்டு ஏறுவேன்.

நான் ஒருமுறை மட்டும் நேரே கேட்டேன். தமிழில் கேட்டால் பின்னால் இருக்கிறவர்களுக்குப் புரியாது என்ற தைரியம்.

“மாமா, கண்ணைக் காட்டுனீங்களா?”

“காட்டாம? புரைதான். நல்லாப் பழுக்கணும், அப்பத்தான் எடுக்க முடியும்னாங்க.”

“யாரு சொன்னா?”

“எங்க அப்பாவுக்குச் சொன்னாங்க.”

“அது அந்தக் காலம் மாமா. இப்பல்லாம் பழுக்க வேண்டியதில்ல. எங்க பெரியம்மாவுக்குப் போன வருஷம் எடுத்தாங்க.”

“மழை முடியட்டும்மா. இப்பப் போய்ப் படுத்தா வண்டியை வேற எவங்கிட்டயாச்சும் குடுத்துருவாங்க. அவன் டபுள் சிக்னல் போட்டுக்கிட்டு ஓட்டுவான், உங்களையெல்லாம் உள்ள வெச்சுக்கிட்டு.”

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பிரயோஜனம்?”

“இந்த மாசத்துல சூரியன் எங்கம்மா இருக்கு” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். சரியான விளக்கோடு ஓட்டுகிற அரைக்குருடர், தப்பான விளக்கோடு ஓட்டுகிற நல்ல கண்காரனைவிடப் பத்திரம் என்று. தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு வந்தால், அது சரிதானோ என்று எனக்கே சில நேரம் தோன்றும்.

இப்போது அவர் பெகுவில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆபரேஷன் நடந்தது. ஒரு கண் நன்றாக வந்தது, மற்றதில் பாதிதான் என்று அவர் மனைவி போனில் சொன்னாள். வண்டி வேறு ஒருவரிடம் போயிற்று. முன்விளக்கில் டேப் இல்லை, முயல் இருக்கிறது. நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். மழையில் டாக்ஸி பிடித்தால், டிரைவர் கை டபுள் சிக்னல் போடுகிற அந்தச் சிவப்பு முக்கோணப் பட்டனுக்குப் போகிறதா என்று பார்க்கிற பழக்கம் மட்டும் இருக்கிறது. எல்லார் கையும் போகிறது.

அவர் கை அதற்குப் போய் நான் ஒரே ஒருமுறை பார்த்தேன்.

அன்று வேலை முடிந்து கிளம்பும்போதே வானம் இருண்டுவிட்டது. வழி நெடுக மின்சாரம் இல்லை, தெருவிளக்கு இல்லை. தண்ணீர் சக்கரம் பாதி வரை. எதிரே வருகிற வண்டியெல்லாம் புது மாதிரி வெள்ளை விளக்கை முழுதாகப் போட்டு, நான்கு மூலையும் மின்ன வந்துகொண்டிருந்தது. அவர் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“என்னம்மா வருது?”

“லாரி மாமா. பெரிசு.”

“அதுக்குப் பின்னாடி?”

லாரியின் வெளிச்சத்தில் எனக்கும் கண் கூசியது. “தெரியல” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து மா ஏயே கத்தினாள். அன்று நனைகிற கதையோ, தலை இடித்த கதையோ இல்லை.

“ஊலே, பிரேக்! பிரேக்!”

வண்டி வழுக்கி நின்றது. பெண்கள் எல்லோரும் முன்னால் வந்து இடித்தார்கள். கண்ணாடிக்கு நேரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், நீலப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஒரு சைக்காக்காரர். பக்கத்து இருக்கையில் குடை பிடித்தபடி ஒரு அம்மாள். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைச் சத்தத்தில் எங்கள் வண்டி வந்ததே அவர்களுக்குத் தெரியாது. மிதித்துக்கொண்டு அப்படியே போய்விட்டார்கள்.

அவர் வண்டியை மெல்ல ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். வைப்பரையும் நிறுத்தினார். அந்தக் கத்தலில் எங்கள் நாடகமெல்லாம் உடைந்துபோயிருந்தது. எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

மா ஏயேதான் முதலில் வாயைத் திறந்தாள். குரல் பழையபடி ஆகியிருந்தது. “என்ன மழை இது, ஊலே! இதுல யாருக்குத்தான் கண்ணு தெரியும்?”

“ஆமா ஆமா, மழைதான்” என்றார்கள் பின்னால் இருந்தவர்கள். “இப்படி மழையை நான் பார்த்ததே இல்ல” என்றாள் ஒருத்தி. அவள் பிறந்ததிலிருந்து அந்த மழையில்தான் இருக்கிறாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். தமிழில் கேட்டார்.

“நீ சொல்லும்மா. அவ கத்துனதும் பார்த்தியே, உனக்கு அந்த சைக்கா தெரிஞ்சுதா?”

எனக்கு மழை என்று சொல்லத்தான் ஆசை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தெரிஞ்சுது மாமா.”

“நல்லாத் தெரிஞ்சுதா?”

“நல்லாத் தெரிஞ்சுது.”

தலையை ஆட்டினார். பின்னால் திரும்பி, பர்மிய மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “மழை இல்ல. என் கண்ணுதான்.”

பிறகு அந்தச் சிவப்பு முக்கோணப் பட்டனை அழுத்தினார். மற்ற பட்டன்கள் எல்லாம் விரல் பட்டுத் தேய்ந்து வெளுத்திருக்க, அது மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பும்போது கேட்கிற சத்தம்தான், ஆனால் நான்கு மூலைக்கும் சேர்த்து அந்த வண்டிக்குள் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை. ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் தொழிற்சாலையின் இன்னொரு ஃபெரி பின்னால் வந்து நின்றது. அந்த டிரைவர் தலையை நீட்டி, வண்டிக்கு என்ன என்று கேட்டான். “வண்டிக்கு ஒண்ணும் இல்ல. இவங்களை ஏத்திக்க” என்றார் இவர். பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். எல்லோரும் இறங்கும்போது அவரைப் பார்க்காமல் மழையைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். மா ஏயே தன் குடையை அவர் சீட்டுக்குப் பின்னால் மறந்தது போல வைத்துவிட்டு நனைந்துகொண்டு போனாள்.

நான் கடைசி. “நீங்களும் வாங்க மாமா. வண்டியைக் காலைல எடுத்துக்கலாம்.”

“நடுவழியில வண்டியை விட்டுட்டு எப்படி வர்றது? நீ போம்மா. வீட்டுல அத்தைகிட்டச் சொல்லி, அவ தம்பியை வந்து ஓட்டச் சொல்லு.”

“இருட்டுல தனியா எப்படி இருப்பீங்க? எவனாச்சும் வந்து மோதிட்டா?”

“அதான் லைட்டு போட்டிருக்கேனே. எல்லாரும் சுத்திப் போயிருவாங்க.”

மற்ற ஃபெரியில் நெருக்கியடித்து ஏறினோம். அந்த டிரைவர் கிளம்பும் முன்பே டபுள் சிக்னலைப் போட்டுவிட்டான். நான் பின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். இருட்டில் அந்த மஞ்சள் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன.

அவர் சொன்னது சரிதான். லாரி, பஸ், கார் எல்லாம் அவரைச் சுற்றித்தான் போயின. எங்கள் வண்டியும்தான்.